ப்ரூஸ் எந்தத் தறியில் உட்கார்ந்தது?

கோயம்புத்தூர்
4.8.2025

அன்புள்ள குமரன் மாமாவுக்கு,

ஜெயப்ரியா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் முதுகை ஒடிக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் வீட்டில் அத்தை ஸ்பீக்கரில் போடுகிறார், எங்கள் வீட்டில் அம்மா. தையில் கல்யாணம் ஆகப்போகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கேட்கிறது. போன வாரம் உங்கள் நாய் ஹனி ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்துவிட்டதா என்று நான் கேட்டபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். வாட்ஸப்பும் ஆகாது. நாய் வாங்குகிறவர்களுக்குப் படம் அனுப்ப உங்கள் போன் பாதி நாள் அத்தை கையில்தான் இருக்கிறது. எப்படியும் பார்சல் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதற்குள் இதையும் வைக்கிறேன்.

ஹனியையும் சிம்பாவையும் ஜோடி சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். ஹனி உங்கள் பூடில் ப்ரூஸின் மகள். சிம்பா ப்ரூஸின் தங்கை பெற்றவன். டெஸ்ட் இல்லாமல் சேர்க்காதீர்கள் மாமா. நான் வேலை பார்க்கும் நாய் ஆஸ்பத்திரிக்குத் தினமும் சுருட்டை முடிக் கலப்பு நாய் ஒன்றாவது வருகிறது. முழங்கால் சிப்பி நழுவி மூன்று காலில் நடக்கும் நாய். இடுப்பு மூட்டு தேய்ந்து எழுந்திருக்க முடியாத நாய். நான்கு வயதில் கண் தெரியாமல் போன நாய். விற்றவன் நம்பரைக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். நீங்கள் அந்த மாதிரி ஆளாகிவிடக் கூடாது.

முழங்காலையும் இடுப்பையும் அங்கேயே டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மட்டும் பார்சலில் பஞ்சுக்குச்சி இருக்கிறது. சாப்பாடு போடுவதற்கு முன் கன்னத்தின் உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, காற்றில் உலர்த்தி, ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கவரில் பெயர் எழுதி அனுப்புங்கள். நான் லேபில் கொடுக்கிறேன்.

ரிசல்ட் வரும்வரை பொறுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஜெயப்ரியா


பெரிய காஞ்சிபுரம்
19.8.2025

அன்பு ப்ரியா,

நான் சௌக்கியம். அம்மா வலியோடு சௌக்கியம். நாய்களும் சௌக்கியம், உன் பெயரைச் சொன்னால் வாலை ஆட்டுகின்றன. நீ ஊசி போடுகிற ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்பது அவற்றுக்குத் தெரியாது.

நீ பயப்படுகிற அளவுக்கு இங்கே ஒன்றுமில்லை. சுத்த ஜாதி நாய்க்குத்தான் ஆயிரம் வியாதி. கலப்பு நாய் கல்லு மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து வாங்க வருகிறவர்கள் முடி கொட்டுமா, குரைக்குமா, இந்த இரண்டு கேள்விக்கு மேல் கேட்பதில்லை. "இது என்ன ஜாதி தம்பி" என்கிறார்கள். "காக்காபூ. காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது" என்கிறேன். அம்மா உள்ளேயிருந்து, "அது இன்னாடா காக்கா, பூவு? நாயின்னு சொல்லித் தொலையேன்" என்கிறாள்.

ஹனிக்கும் சிம்பாவுக்கும் முறைதான். சிம்பா அத்தை மகன், ஹனி மாமன் மகள். நம் வீட்டிலேயே அதுதானே நடக்கப் போகிறது. சொந்தத்தில் சேர்த்தால்தான் அந்த பிஸ்கட் நிறம் மாறாமல் வரும். ஆனாலும் நீ கேட்டாய் என்பதற்காக மூன்று குச்சியும் தேய்த்து அனுப்பியிருக்கிறேன்.

உன் அப்பா உன் கூரைப்புடவைக்குப் பாவு போடப் போகிறாராம். கலர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். தறியை விற்றுவிட்ட பயல் என்று என்மேல் இன்னும் கோபம் இருக்கும். அந்தக் குழித்தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்து என்னத்தைக் கண்டேன்?

வெளிச்சம் போவதற்குள் கூரியரில் போட வேண்டும். மற்றவை அடுத்ததில்.

அன்புடன்,
குமரன்


கோயம்புத்தூர்
11.9.2025

மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆவலெல்லாம் கோபமாக மாறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேபிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று கவரிலும் இருப்பது ஒரே நாயின் எச்சிலாம். அதுவும் ஆண் நாய். குட்டி போடப்போகிற உங்கள் ஹனி ஆண் நாய் என்று ரிசல்ட் வந்திருக்கிறது. எங்கள் டாக்டர் சிரித்தார். "உங்க சொந்தக்காரர்னு சொன்னீங்களே" என்றார். தலையைத் தூக்க முடியவில்லை.

கலப்பு நாய் கல்லு மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது? நோய் இல்லாத இரண்டைக் கலந்தால் சரி. பூடிலுக்கும் காக்கருக்கும் கண்ணைக் கெடுக்கும் அதே குறை இருக்கிறது. இரண்டு ஓட்டைப் பானையைச் சேர்த்துவிட்டு நல்ல பானை என்று விற்பீர்களா?

பஞ்சுக்குச்சி மறுபடி அனுப்பியிருக்கிறேன். எதற்குப் பயந்து இப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஜெயப்ரியா


பெரிய காஞ்சிபுரம்
30.9.2025

அன்பு ப்ரியா,

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் உடம்புக்கு ஆகாது.

அது தெருமுனையில் படுத்திருக்கும் கறுப்பு நாய். பிஸ்கட் போட்டால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். ப்ரூஸ் கடிக்க வந்தது. சரி, எல்லா நாயும் நாய்தானே என்று தேய்த்துவிட்டேன். இதில் பயம் எங்கே வந்தது?

இந்த முறை உண்மையாகவே மூன்று நாயின் வாயிலும் தேய்த்திருக்கிறேன். கையில் கடிபட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பவா?

ஒன்று சொல்ல வேண்டும். ஹனி ஹீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த ஹீட்டுக்கு ஆறு மாதம் ஆகும். சேர்த்துவிட்டேன். கல்யாணச் செலவு உனக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூரிலிருந்து இளங்கோவன் சார் வந்தார். அங்கே காலேஜில் பாடம் எடுக்கிறவர். ஹனியோடு ஒரே ஈற்றில் பிறந்த மிட்டாய் என்ற குட்டியை வாங்கிப் போனவர். வாசலில் நின்று கத்தினார். சாயங்காலமானால் அது சுவரில் போய் முட்டுகிறதாம், படி இறங்க மாட்டேன் என்று அழுகிறதாம். "என்னய்யா குடுத்த எங்கிட்ட?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். கேரட் வேகவைத்துப் போடுங்கள், சத்துக் குறைவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

சத்துக் குறைவுதானே ப்ரியா?

குமரன்


கோயம்புத்தூர்
20.10.2025

மாமாவுக்கு,

தீபாவளி வாழ்த்துகள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கிடைத்தது. வரவில்லை.

சத்துக் குறைவு இல்லை. ரிசல்ட் வந்துவிட்டது. ப்ரூஸ், ஹனி, சிம்பா மூன்றுமே கேரியர். அதாவது தாய், தந்தை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் மரபணுவில், கண்ணைக் கெடுக்கும் குறையை ஒரு பக்கம் மட்டும் சுமக்கின்றன. மறுபக்கம் நன்றாக இருப்பதால் அவற்றுக்குக் கண் போகாது. ஆனால் கேரியரோடு கேரியரைச் சேர்த்தால், குட்டிகளில் நான்கில் ஒன்று இரண்டு பக்கமும் குறையோடு பிறக்கலாம். பிறக்கும்போது தெரியாது. நீங்கள் விற்கும்போதும் தெரியாது. மூன்று நான்கு வயதில் முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு பகலிலும் போகும். மருந்து கிடையாது. மிட்டாய்க்கு நடப்பது அதுதான். அதற்கும் ஹனிக்கும் அம்மாவான காக்கர் டெய்சியும் கேரியராக இருந்திருக்க வேண்டும். இப்போது ஹனி வயிற்றிலும் அதே சூதாட்டம்.

கேரியரை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. குறை இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் குருடு வராது. டெஸ்ட் செய்யாமல் அது எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதை டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. என் அப்பாவையும் உங்கள் அம்மாவையும் பெற்றவர். விளக்கு வைத்தபின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். தறியில் உட்கார்ந்து கெட்ட கண் என்று எல்லாரும் சொன்னார்கள். இருட்டு வீடு, குழித்தறி, ஜரிகை மினுக்கல், நெய்கிறவனுக்குக் கண் போகத்தான் செய்யும் என்று. நானும் இத்தனை நாள் அப்படியே நம்பினேன்.

ப்ரூஸ் எந்தத் தறியில் உட்கார்ந்தது மாமா?

போன பொங்கலுக்குக் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது தெருவில் கரெண்ட் இல்லை. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். வீட்டு வாசல்வரை விடவில்லை. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். இங்கே திரும்பி வந்த பிறகும் பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கண் எப்படி இருக்கிறது?

ஜெயப்ரியா


கோயம்புத்தூர்
12.11.2025

மாமா,

பதில் இல்லை. அம்மா நேற்று போனில், "தை முதல் முகூர்த்தம் குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார். பின்னால் அத்தையின் குரலும் கேட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?

நான் கேட்டது ஒரு கேள்வி. நாயைப் பற்றி அல்ல.

ஜெயப்ரியா


பெரிய காஞ்சிபுரம்
21.11.2025

ப்ரியா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதப் பேனா வரவில்லை.

தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் எனக்குக் கண் தெரியவில்லை. பகலில் நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது, பக்கவாட்டில் சுவர் வைத்த மாதிரி இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது இழை தப்பியது. கையில் படுகிறது, கண்ணில் படவில்லை. சென்னையில் காட்டினோம். விழித்திரை என்றார் டாக்டர். ரத்தம் எடுத்து, ஒரு ரிப்போர்ட்டும் கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே பதில் இருந்தது, தறி. தறியை விற்றால் கண் நின்றுவிடும் என்றார்கள். விற்றேன். நிற்கவில்லை. இன்னும் முன்னாலேயே விற்றிருக்க வேண்டும் என்றார்கள். உன் கடிதத்தில் ப்ரூஸ் எந்தத் தறியில் உட்கார்ந்தது என்று படித்தபோதுதான் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் பரம்பரையாக வந்த குறை என்று எழுதியிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் சொந்தம் என்பது உனக்குத் தெரியுமே.

உன் பஞ்சுக்குச்சியைப் பார்த்தபோது ஏன் பயந்தேன் என்று கேட்டாய். நாய்க்குக் கேட்கிறவள் அடுத்து என்னைக் கேட்பாய் என்று தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா வெளியே பெண் பார்க்கவே இல்லை. "கண்ணு போற புள்ளைக்கு அசல்ல எவன் பொண்ணு குடுப்பான்? என் தம்பி பொண்ணு இருக்குறா" என்றாள். நானும் சும்மா இருந்தேன். நீ என்றதும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் வழி இருக்கிறது ப்ரியா. நீயே எழுதியிருக்கிறாய், குறை இல்லாததோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் வராது என்று. என் ரிப்போர்ட் நகல் இதோடு இருக்கிறது. நீயும் ரத்தம் கொடுத்துப் பார். உனக்கு இல்லையென்றால் பிரச்சினையே இல்லை. கல்யாணம் குறித்தபடி நடக்கட்டும்.

ஹனி நான்கு குட்டி போட்டிருக்கிறது.

குமரன்


கோயம்புத்தூர்
27.11.2025

என் அப்பாவுக்குத் தெரியுமா?

ஜெயப்ரியா


பெரிய காஞ்சிபுரம்
3.12.2025

ப்ரியா,

தெரியும். சென்னைக்கு என்னைக் கூட்டிப்போனதே அவர்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டியதும், "ப்ரியா படிச்சி முடிக்கட்டும்பா. அதுவரைக்கும் இத யார்கிட்டயும் பேசிக்கினு இருக்காத. நம்ம புள்ள நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார்.

குமரன்


கோயம்புத்தூர்
24.12.2025

குமரன் மாமாவுக்கு,

உடல்நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். நம் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொன்னதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்தேன். உங்கள் ரிப்போர்ட் இருந்ததால் எதைப் பார்க்க வேண்டும் என்பது கண் டாக்டருக்குத் தெரிந்திருந்தது. தாத்தாவுக்கு அந்த நோய் இருந்ததால் அப்பா கட்டாயம் கேரியராகத்தான் இருப்பார், எனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். ரிசல்ட் நேற்று வந்தது. என்னவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் சொன்ன அடுத்த நிமிடம் அந்தக் காகிதம் எனக்காக முடிவெடுத்துவிடும். இருந்தால் வேண்டாம், இல்லாவிட்டால் மேடையில் உட்கார். ரிசல்ட் பார்த்து ஜோடி சேர்ப்பது நாய்க்குச் சரி. ஹனியிடம் கேட்க முடியாது, அதனால் அதற்காக நாம் யோசிக்கிறோம். எனக்கு வாய் இருக்கிறது. என்னிடம் கேட்டிருக்கலாம்.

கண் போகிறவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நீங்களே வந்து, "எனக்கு இப்படி இருக்குது ப்ரியா, யோசிச்சிச் சொல்லு" என்றிருந்தால் யோசித்திருப்பேன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு என்றால் சரி என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் ஐந்து வருடம் சும்மா இருந்தீர்கள். அப்பா என்னைப் படிக்க வைத்ததை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். எதற்காகப் படிக்க வைத்தார் என்று இப்போது தெரிகிறது. கண் தெரியாதவனுக்குச் சம்பாதித்துப் போட ஒருத்தி வேண்டும். ஜோசியரிடம் பத்துப் பொருத்தம் பார்த்தீர்கள், பத்தும் பொருந்தியது. ஏனாத்தூர்க்காரர் நாய்க்காக உங்கள் வாசலில் வந்து கத்தினார். நான் யார் வீட்டு வாசலில் போய்க் கத்துவது? இரண்டும் என் வீடு.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எல்லாரையும் உட்கார வைத்து, காரணத்தோடு. நான் சொன்னால், "கோயம்புத்தூரு போயி எவனையோ பாத்துட்டா" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் கண்ணைப் பற்றிய பேச்சே வராது. அடுத்து என் தங்கையைக் கேட்பார்கள்.

நான்கு குட்டிகளுக்கும் கன்னத்தில் தேய்த்து அனுப்புங்கள். ரிசல்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு விற்பனை செய்யுங்கள். மிட்டாய் பிறந்த அந்த முதல் ஈற்றில் வாங்கியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஹனிக்கு இனி குட்டி பிறக்காதபடி ஆபரேஷன் செய்துவிடுங்கள்.

பகலில் கிளம்பி, பகலிலேயே திரும்பும்படி சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். கோல் வைத்து நடக்கப் பழக்குகிறார்களாம். கண் இருக்கும்போதே பழகினால் சுலபம் என்றார் டாக்டர்.

ஜெயப்ரியா


பெரிய காஞ்சிபுரம்
20.1.2026

ப்ரியா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவைக்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவையும் கூட்டிப்போனேன். உன் அப்பா தறியில் இருந்தார். கூரைப்புடவை ஓடிக்கொண்டிருந்தது. மேலே வாருங்கள் மாமா என்று கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னேன். என் கண்ணைப் பற்றி, தாத்தா கண்ணைப் பற்றி, இதற்கும் தறிக்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பற்றி. மறைத்து வைத்துக் கேட்டது தப்பு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன்.

"நாய் வியாபாரம் பண்ணிப் பண்ணி, மனுசங்களையும் அப்படியே பேசுறியாடா?" என்றாள் அம்மா.

உன் அம்மா துர்கா அத்தை அழுதார். உன் அப்பா தறியைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு முழம் நெய்தாச்சேடா" என்றார். வேறு யாருக்காவது ஆகும் மாமா என்றேன். எழுந்து மறுபடி குழியில் இறங்கிவிட்டார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை தறிச் சத்தம் கேட்டது. உனக்குப் போன் செய்தாரா என்று தெரியவில்லை. செய்தால் எடு.

உன் ரிசல்ட்டை நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்க மாட்டேன்.

நான்கு குட்டியில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் குறை. அது விற்பனைக்கு இல்லை. இரண்டைக் காகிதத்தோடு கொடுத்தேன், இன்னொன்றை வாங்க வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள். முதல் ஈற்றில் வாங்கியவர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் திட்டினார், ஒருவர் நன்றி என்றார், மற்றவர்கள் எடுக்கவில்லை. இளங்கோவன் சார் மாடி வீட்டுக்கு மாறுகிறாராம், மிட்டாயால் அந்தப் படி ஏற முடியாது என்று கொண்டுவந்து விட்டுவிட்டார். இப்போது எங்களோடுதான் இருக்கிறது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றாதே, மிட்டாய் முட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் உள்ளே வரும்போது, நடையில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு நாயைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி, "இனிமே இது இங்கியேதான் இருக்கும். சோத்துக்கை பக்கமா வா" என்றாள்.

குமரன்